நீர் வைக்காத வெள்ளைப் புள்ளி

ஓய்,

போன திங்கட்கிழமை நம் ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. டர்போ வைத்த சின்ன பெட்ரோல் வண்டி, பார்க்கப் புதுசு. அது கேட்டுக்குள் திரும்புவதற்கு முன்னாலேயே எனக்கு வாசனை வந்துவிட்டது. எரிந்த என்ஜின் ஆயிலின் வாசனை. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டு லேசாகத் தித்திக்குமே, அதே. நீர் இருந்திருந்தால் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "சாமி, யாரு வீட்லயோ பால் பொங்கிப் போச்சு" என்று சொல்லியிருப்பீர். நான் முறைத்திருப்பேன். ஒரே வேடிக்கையை ஒரு மனுஷர் இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வது?

வண்டிக்காரப் பெண் கழக்கூட்டத்தில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீட்டில் தமிழாம், ஆனால் வாய் நிறைய மலையாளம். "அங்கிளே, வேற ஒரு எடத்துல ரெண்டு பிராவசியம் டர்போ மாத்தியாச்சு. எந்நிட்டும் புகை நிக்கல" என்றாள். நான் பலகையைப் போட்டுப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். டர்போவுக்கும் அதன் கீழே இருக்கிற ஆயில் தொட்டிக்கும் நடுவே யாரோ பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டிருந்தார்கள். ஹோஸ் கொஞ்சம் நீளம். வெட்ட மனசு வராமல் அப்படியே மாட்டிவிட்டதால் நடுவில் தொப்பை விழுந்து தொங்கியது. இரண்டு தடவை மாற்றப்பட்ட அந்த டர்போக்கள் மேல் எந்தக் குற்றமும் இருந்திருக்காது.

சரி செய்ய அரை மணி நேரம்கூட வேண்டாம். ஆனால் நான் அந்தத் தொப்பையைப் பார்த்தபடியே வெகு நேரம் கிடந்தேன் போலிருக்கிறது. "அங்கிள், உறங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண் குனிந்து கேட்ட பிறகுதான் கையை அசைத்தேன்.

மறுநாள் காலையில் நான் மலை மேலே போனக்காட்டு எஸ்டேட்டுக்குப் போனேன், உம் தங்கையைப் பார்க்க. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நேரே அதற்கே போய்விடலாம். ஆனால் பழையதை முதலில் எழுதாவிட்டால் எனக்குத் தைரியம் வராது. உமக்குத் தெரிந்ததையே உமக்குச் சொல்கிறேன் என்று கோபப்படாதேயும். இதில் உமக்குத் தெரியாததும் கொஞ்சம் உண்டு.

நாம் இரண்டு பேரும் ஒரே சர்வீஸ் சென்டரில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவர், தேயிலை லாரியின் அடியில் கிடந்து தொழில் கற்றவர். நான் திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரஹாரத்துப் பையன், பாலிடெக்னிக் டிப்ளமா. எங்கள் தெருவில் என்னைக் கரிச்சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். என் அப்பா நான் குளித்துவிட்டு வந்த பிறகும் என் கை நகத்தைத்தான் பார்ப்பார். வயதில் எனக்கு நீர் நாலு மாசம் மூத்தவர். அந்த நாலு மாசத்தை வைத்துக்கொண்டு என்ன அதிகாரம் பண்ணியிருக்கிறீர்!

சர்வீஸ் சென்டரை விட்டு வந்து, கரமனை ஆற்றோரம் தகரம் வேய்ந்து நாம் ஷெட் போட்டபோது, முதல் நாளே ஒரு விதி வைத்தீர். வேலை செய்தவன் முறுக்கிய போல்ட்டின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மற்றவன் படுத்துப் பார்த்து, தொட்டுப் பார்த்து, தன் புள்ளியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். எனக்கு மஞ்சள் பெயிண்ட், உமக்கு வெள்ளை. இரண்டு புள்ளியும் விழாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது. "ஒரு கண்ணு பொய் சொல்லும் சாமி. ரெண்டு பேரு கண்ணும் ஒரே நாள்ல பொய் சொல்லாது" என்றீர். வண்டிக்காரர்களே பிற்பாடு, "ரெண்டு புள்ளியும் ஆச்சா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது உம்முடையது மட்டும். டர்போ வேலை எதுவானாலும், முடிந்த பிறகு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, அடியில் மரக்கட்டை வைத்து, என்ஜினை ஓட விடுவீர். இதற்கு நம் ஷெட்டில் 'மலை வைக்கிறது' என்று பெயர். நான் முதலில் சிரித்தேன். கரமனையில் ஏது மலை? "வண்டி கரமனையிலயா கெடக்கப் போவுது? ஏறுற எடத்துலதான் ஆயிலு எங்க போகும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு, நீர் பாட்டுக்குக் கட்டையைத் தட்டி ஏற்றினீர்.

டர்போவைப் பற்றி நான் உமக்குச் சொல்வது கொழுப்புதான். ஆனால் நான் செய்தது எவ்வளவு சின்னச் சோம்பேறித்தனம் என்பது எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்கும். புகை தள்ளுகிற வேகத்தில் டர்போவின் சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சூட்டில் அது எரிந்து போகாமல் இருக்க ஆயில் வேண்டும். உள்ளே போகிற ஆயிலை பம்ப் தள்ளிவிடும், ஒல்லிக் குழாய் போதும். வெளியே வருகிற ஆயிலைத் தள்ள யாரும் இல்லை. அடித்து ஆற்றின சாயா போல நுரைத்துக்கொண்டு, தானே விழுந்துதான் தொட்டிக்கு வந்து சேர வேண்டும். அதனால் வருகிற வழி அகலமாக இருக்கணும், நேரே கீழே இறங்கணும், நடுவில் பள்ளமோ மேடோ கூடாது, தொட்டியில் ஆயில் நிற்கிற மட்டத்துக்கு மேலே போய்ச் சேரணும். இவ்வளவுதான். "போற வழிய பம்ப் பாத்துக்கும், திரும்பி வார வழிய நாமதான் பாக்கணும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்.

உம் தங்கை வீட்டுக்காரர் போனக்காட்டுக்கும் மலையடிவாரத்து விதுரைக்கும் நடுவே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் வராத நேரத்தில் லயத்துச் சனங்களுக்கு அந்த ஜீப்தான். பழைய டீசல் வண்டி, பத்துப் பேர் ஏறினால் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். நீர் அதற்கு டர்போ வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர். தங்கை என்றால் உமக்கு உயிர். அம்மா போன பிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டதே நீர்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் உம்மோடு அங்கே போகும்போதெல்லாம் மீன் படாத சட்டி ஒன்றை எனக்கென்று தனியாக வைத்திருந்து சாம்பார் காய்ச்சுவாள். "சாமி கை வச்சா வண்டி தப்பாது" என்று நீர் அவளிடம் பெருமை அடிப்பீர். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

ஒரு வாரமாக அந்த ஜீப்பில் வேலை செய்தோம். கடைசியில் ஆயில் திரும்புகிற வழி மட்டும் பாக்கி. தொட்டியின் பின்பக்கத்தில், தாழ்வாக, ஏற்கெனவே அடைத்து வைத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதை நீர் தொடவே கூடாது என்றீர். முன்பக்கத்தில், உயரமாக ஓர் இடத்தைப் பார்த்து, சாக்பீஸால் வட்டம் போட்டு, "இங்க ஓட்டை போட்டு வெல்டு வைக்கணும் சாமி. தொட்டியைக் கழத்தித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் வேறு ஒரு வண்டிக்கு பேரிங் வாங்க நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினீர். சாயங்காலம் வந்து பார்ப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கொடுக்கலாம் என்றும் பேச்சு.

தொட்டியைக் கழற்றுவது அரை நாள் வேலை. எனக்கு முதுகு வலி. அடைத்து வைத்த ஓட்டை கண்ணெதிரே இருக்கிறது. நான் அதையே திறந்து ஹோஸை மாட்டினேன். என்ஜினைத் தாங்குகிற இரும்பு குறுக்கே நின்றதால், ஹோஸ் அதற்கு அடியில் ஒரு முழுக்குப் போட்டு மறுபடியும் கொஞ்சம் மேலே ஏறித்தான் ஓட்டைக்கு வந்தது. கொஞ்சம்தான், இரண்டு விரல்கடை. ஓட விட்டுப் பார்த்தேன். சமதரையில் அரை மணி நேரம் ஓடியது, ஒரு துளி புகை இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு மஞ்சள் புள்ளியை வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து உம் தங்கை வீட்டுக்காரர் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோயிலில் கொடைத் திருவிழாவாம், வண்டி இப்போதே வேண்டுமாம். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "அளியன் புள்ளி இல்லியே சாமி. மச்சான் பாக்காம எடுத்தா அவ என்னைக் கொல்லுவா" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதே ஷெட்டில் நானும் பாதி. டிப்ளமா படித்தவன். நான் செய்த வேலைக்கு நான் போதாதா? இந்த எண்ணம் வந்ததை இன்றைக்கும் என்னால் மறைக்க முடியவில்லை. என்னதான் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாலும், எஸ்டேட்டிலிருந்து வந்த உம் புள்ளிக்கு இருக்கிற மரியாதை என் புள்ளிக்கு இல்லையே என்று அக்ரஹாரத்துப் பிள்ளை ஒருவன் எனக்குள்ளே மூக்கைச் சிந்தினான். அசிங்கம்தான். இருந்தது.

"நீங்க போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்கோ, அவர் இப்ப வந்துடுவார்" என்று அவரை முக்குக் கடைக்கு அனுப்பினேன். உம் வெள்ளை டப்பாவைத் திறந்தேன். அதே போல்ட்டில் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நீர் வைப்பது போலவே வலது பக்கம் லேசாகச் சாய்த்து. அவர் திரும்பி வந்ததும், "நீங்க அந்தண்டை போனேள், அவர் இந்தண்டை வந்து பாத்துட்டு வெல்டிங் கடைக்குப் போயிருக்கார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் நீர் பேரிங் பொட்டலத்தோடு வந்தீர். ஜீப் எங்கே என்றீர். கொடை என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் நன்றாகப் பார்த்துத்தான் அனுப்பினேன் என்றேன்.

"மலை வச்சீரா?"

"வச்சேன் ஓய்."

உடனே நம்பிவிட்டீர். பேரிங்கைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தீர்.

மறுநாள் ஏழாவது வளைவில் நடந்தது உமக்குத் தெரியும். ராத்திரி அவர் வண்டியை விதுரையிலேயே போட்டிருந்தார், டர்போ வைத்த பிறகு அதற்கு அதுதான் முதல் மலை ஏற்றம். ஏற்றத்தில் வண்டி மூக்கை மேலே தூக்கியதும் தொட்டியில் இருந்த ஆயில் எல்லாம் பின்பக்கம் சேர்ந்து அந்த ஓட்டையை மூடிவிட்டது. திரும்பி வர வழியில்லாத ஆயில் டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீல் தாண்டி, என்ஜின் காற்று இழுக்கிற வழியில் புகுந்தது. டீசல் என்ஜின் தன் ஆயிலையே குடிக்க ஆரம்பித்தால் யார் சொல்லியும் கேட்காது. அவர் சாவியைத் திருப்பி அணைத்தும் நிற்காமல் அலறியிருக்கிறது. மலை மறையும் அளவுக்குப் புகை. பூவும் பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் குதித்து இறங்கிவிட்டார்கள். அவர் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்பக்கம் ஓடினார். ஹேண்ட் பிரேக் தாங்கவில்லை. வண்டி பின்னால் உருண்டு அவரை ரோட்டோர மண்திட்டோடு சேர்த்து நெருக்கியது. இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். முழங்கால் அப்புறம் மடங்கவே இல்லை.

திங்கட்கிழமை நாம் மேலே போனோம். நீர் ஜீப்பின் அடியில் படுத்தீர். நான் நின்றுகொண்டிருந்தேன். உம் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. டார்ச் வெளிச்சம் முதலில் அங்கும் இங்கும் போய், பிறகு ஒரே இடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. உம் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தவள், நாம் வந்திருப்பது கேள்விப்பட்டு வளைவுக்கு நடந்து வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"அண்ணே, ஒன் புள்ளி இருக்குன்னுதானே இவரு வண்டிய எடுத்தாரு. நீ பாத்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

நீர் ஊர்ந்து வெளியே வந்தீர். சட்டையில் ஒட்டின மண்ணைத் தட்டினீர். என்னைப் பார்த்தீர். நான் உம் முகத்தைப் பார்க்காமல் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். திறக்கவில்லை.

"பாத்தேன்" என்றீர். அவள் நம்பாதவள் போல நின்றாள். "நாந்தான் பாத்தேன் தங்கச்சி."

"அப்ப இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றாள். கத்தவில்லை. துணி மூட்டையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாம் கீழே வரும்போது, பேப்பாறை தாண்டியதும், "மலை வைக்கல்ல, இல்லியா?" என்றீர். இல்லை என்றேன். "வெள்ளப் புள்ளி?" நான்தான் என்றேன். அவ்வளவுதான் கேட்டீர். நெடுமங்காட்டில் வண்டியை நிறுத்தி, சாயா குடிப்போம் என்றீர். கடைக்காரரிடம், "அந்தச் சாமிக்கு மதுரம் கொறச்சு" என்று என் சாயாவுக்கும் நீரே சொன்னீர். நீர் அன்றைக்கு என்னை நாலு அறை அறைந்திருந்தால் எவ்வளவோ தேவலை. எனக்கு உம் மேல் அப்போதே கோபம் வந்தது, தெரியுமா? என்னைத் திட்டாததற்காக.

ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று பதினோரு வருஷம் யோசித்தாகிவிட்டது. தங்கையிடம் என்னைப் பற்றி அடித்த பெருமையெல்லாம் பொய்யாகிவிடும் என்றா? போலீஸ் கேஸ் ஆனால் நான் தாங்க மாட்டேன் என்றா? நான் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தீரோ, என்னவோ. நானும் நாளைக்கு என்றுதான் இருந்தேன். முதல் மாசம் பயமாக இருந்தது. பிறகு இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. ஒன்றிரண்டு வருஷம் போனதும், நீர் சிரித்துப் பேசிக்கொண்டுதானே இருக்கிறீர், ஆறிப்போயிருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

ஆறவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு ஓணத்துக்கும் தங்கைக்கு நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலம் ஒன்றைத் தம்பானூர் ஸ்டாண்டில் போனக்காடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவீர். மறுநாள் அதே பஸ்ஸில் அது பிரிக்காமல் திரும்பி வரும். "மலையில எல்லாருக்கும் பல்லு போச்சு போல" என்று சொல்லி, ஷெட்டில் உட்கார்ந்து என்னோடு அதைத் தின்பீர். நானும் தின்றிருக்கிறேன். நொறுக் நொறுக்கென்று.

ஷெட்டில் நீர் எதையும் மாற்றவில்லை. விதியும் அப்படியே, டப்பாக்களும் அப்படியே. நான் வைத்த மஞ்சளுக்குப் பக்கத்தில் முன்போலவே படுத்துப் பார்த்து வெள்ளை வைத்தீர். உம் டப்பாவை ஒளித்து வைப்பீர் என்று நினைத்தேன். அது எப்போதும் போல என் கைக்கெட்டுகிற தட்டிலேயே இருந்தது.

போன மீன மாசம், பங்குனியில், உமக்கு நெஞ்சு வலி வந்தபோது நான்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மூன்று நாள். வார்டின் கதவு திறக்கிறபோதெல்லாம் தலையைத் திருப்பினீர். நர்ஸ் வந்தாலும், பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி வந்தாலும். இரண்டாம் நாள் வாய் விட்டே கேட்டீர்: "தங்கச்சிக்கு விவரம் தெரியுமா சாமி?" தெரியும், வருவாள் என்றேன். வெளியே வராந்தாவுக்குப் போய் அவளுக்குப் போன் பண்ணினேன். "உங்க அண்ணனுக்கு ரொம்ப முடியல, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போம்மா" என்றேன். "செரி" என்றாள். போனை வைத்துவிட்டாள். நான் இன்னும் அரை நிமிஷம் பேசியிருக்கலாம். காதில் போனை வைத்தபடி நின்றேன், பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியலில் நீர் போய்விட்டீர். முகம் கதவுப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

மயானத்துக்கு அவள் வந்தாள். எல்லாம் முடிகிற நேரத்தில் மதிலோரம் தனியாக நின்றாள். அழவில்லை. நான் அவள் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தேன். அவள் திரும்பி நடந்தாள். நானும் நின்றுவிட்டேன், எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

ஆகவே செவ்வாய்க்கிழமை தம்பானூரில் பஸ் ஏறினேன். வழி நெடுக, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஏழாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். லயத்தில் இறங்கும்போது மஞ்சு இறங்கி, பத்தடி தூரத்தில் ஆள் தெரியவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. உம் தங்கை வீட்டு வாசலில் அவள் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தார். "வாரும் சாமி" என்றார். அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

குடித்தால் பேச மாட்டேன் என்று தெரியும். தொடவில்லை.

"அந்த வெள்ளைப் புள்ளி உங்கண்ணன் வெச்சதில்லை" என்றேன். ஒத்திகை எல்லாம் எங்கே போனதோ. "நான் வெச்சேன். அவர் அன்னிக்கு ஊர்லயே இல்லை. வண்டியை அவர் பாக்கவே இல்லை. அந்த ஹோஸையும் நான்தான் அப்படி விட்டேன், அவர் காட்டின எடத்துல விடலை. அவருக்கு எதுவும் தெரியாதும்மா. வளைவுல அடியில படுத்தப்புறம்தான் அவருக்கே தெரியும். என்னைக் காப்பாத்தறதுக்காக உங்கிட்ட பொய் சொன்னார்."

வீட்டுக்காரர் கம்பியைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்து எழுந்து, கம்பை ஊன்றி, என்னைத் தாண்டி மஞ்சுக்குள் நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கால் இழுபடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

உம் தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன். அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு நிதானமாக, பக்கத்து வீட்டுச் சேதி சொல்கிற குரலில் சொன்னாள்:

"நீரு போன் பண்ணுன அன்னைக்கு நான் கெளம்பி விதுர வரைக்கும் வந்தேன் சாமி. திருவனந்தபுரம் பஸ் நின்னுச்சு. படியில ஒரு காலு வச்சுட்டேன். பொறவு, பாத்தேன்னு சொல்லி எங்க வாழ்க்கைய இப்புடி ஆக்குனவன்கிட்ட போயி என்ன பேசன்னு கால எடுத்துட்டேன். கண்டக்டரு பெல்லு குடுத்துட்டான்."

நான் தொடாத சாயாவைக் குனிந்து கையில் எடுத்தாள்.

"போன்ல இத சொல்லிருந்தீர்னா ஏறிருப்பேனே சாமி."

மூன்று மணி பஸ்ஸை விட்டால் நாளைக்குத்தான் என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள். நான் பஸ்ஸில் வரும்போது அழுதேன். விதுரை ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. எந்தப் பக்கம், எந்தப் படி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஓய், நான் சொல்லிவிட்டேன். மனசு லேசாகும் என்றார்கள், ஆகவில்லை. நீர் மூன்று நாள் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த இரண்டுக்கும் நடுவே, போனைக் காதில் வைத்தபடி வராந்தாவில் நான் வாய் திறக்காமல் நின்ற அரை நிமிஷம் இருக்கிறது. இனி என் காலம் முடிகிற வரை எனக்கு இருப்பது அதுதான்.